சுகர் 158னு வந்துருக்கு, வளைகாப்பு வேற வருது... அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்

கரூர்_மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க எட்டிப் பாத்துட்டு போறதோட சரி, இன்னைக்குதான் மொத தடவையா எழுதுறேன். எனக்கு 26 வாரம் முடிஞ்சிருச்சு, தலைப்பிரசவம். போன செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு போனப்ப 75 கிராம் குளுக்கோஸ் பவுடர தண்ணில கலக்கி கைல குடுத்து, அஞ்சு பத்து நிமிஷத்துல குடிச்சு முடிச்சிரும்மா, வாந்தி கீந்தி எடுத்துறாதன்னு சொல்லி பெஞ்சுல உக்கார வச்சுட்டாங்க. அப்பா சாமி, அந்த இனிப்பு தொண்டைய விட்டு எறங்கவே மாட்டேங்குது. ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. 158.

சிஸ்டர் அட்டைல செவப்பு பேனாவால ஒரு வட்டம் போட்டாங்க பாருங்க, அதுலேர்ந்து எனக்கு தூக்கமே இல்ல. மூணாவது மாசம் இதே டெஸ்ட் எடுத்தப்ப 112தான் இருந்துச்சு. டாக்டரம்மா ரெண்டு வாரம் சாப்பாட்டுல கட்டுப்பாடா இருங்க, கொறையலன்னா இன்சுலின் போட்டுக்கலாம்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டாங்க. வெளிய அம்பது பேரு நிக்கிறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தா அத்தை, நாந்தான் அப்பவே சொன்னேன்ல, தீபாவளிக்கு வந்த மைசூர்பாக்க நீதான காலி பண்ணுனன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஆமா தின்னேன், ஆசையா இருந்துச்சு, தின்னேன். இப்ப புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிட்டனோன்னு ராத்திரில அழுகையா வருது.

எனக்கு இருக்க சந்தேகம் என்னன்னா, அன்னைக்கு நான் வெறும் வயித்துல போகல, நாலு இட்லி சாப்ட்டுட்டுதான் போனேன், அதனால தப்பா காட்டியிருக்குமா? இன்சுலின் ஒரு தடவ போட்டா வாழ்நாள் பூரா போடணுமா? அடுத்த மாசம் ஒம்பதாம் தேதி வளைகாப்பு வச்சிருக்காங்க, ஏழு வகை சாதம், அதுல சக்கரைப் பொங்கல் வேற, நான் என்னத்த திங்கிறது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில குடுத்த ஊட்டச்சத்து பெட்டகத்துல ஒரு கிலோ பேரீச்சம்பழம் இருக்கு, நெய் இருக்கு, அத சாப்பிடலாமா கூடாதா? எங்க அம்மாவுக்கு லேசா சுகர் உண்டு. எங்க அண்ணன் பொறக்கும்போது நாலேகால் கிலோ இருந்தானாம், ஊரே வந்து பாத்துட்டு போச்சாம்.

நீளமா எழுதிட்டேன், சாரி.


ஆவாரம்பூ:

பயப்படாதீங்க சிஸ்டர். இன்சுலின் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு தடவ போட்டா ஒடம்பு அதுக்கே பழகிரும், அப்புறம் விடாது. தெனம் காலைல வெறும் வயித்துல பாவக்கா ஜூஸ் ஒரு டம்ளர், ஆவாரம்பூ கசாயம் ரெண்டு வேளை. அரிசிய சுத்தமா நிறுத்திட்டு மூணு வேளையும் கேப்பை கூழ் குடிங்க. ராத்திரி பட்டினி இருந்தா இன்னும் நல்லது. எங்க பெரியப்பாவுக்கு 300 இருந்தது பத்தே நாள்ல எறங்குச்சு.


நைட்_டியூட்டி:

ஆவாரம்பூ, உங்க பெரியப்பா எத்தனை மாசம்?

கோச்சுக்காதீங்க. 14 வருஷமா பிரசவ வார்டுல வேலை பாக்குறேன், இந்த மாதிரி யாரோ சொன்னத கேட்டு ராத்திரி பட்டினி கெடந்து காலைல மயங்கி விழுந்து வந்தவங்கள பாத்துருக்கேன், அதான் சுள்ளுன்னு வந்துருச்சு. கர்ப்பிணி பட்டினி கெடந்தா ஒடம்பு கொழுப்ப எரிக்க ஆரம்பிச்சு ரத்தத்துல கீட்டோன்னு ஒரு அமிலப் பொருள் ஏறும், அது புள்ளைக்கு ஆகாது. கசாயம் எல்லாம் வயித்துல புள்ள இருக்கும்போது நம்மளா ஆரம்பிக்கிற விஷயம் இல்ல. பாவக்காய பொரியலா சாப்புடுங்க, நல்லா சாப்புடுங்க, அதோட நிறுத்திக்கோங்க.

மல்லி, இப்ப உங்களுக்கு வரேன். மைசூர்பாக்குனால வரல. இத மொதல்ல மண்டைல ஏத்திக்கோங்க, முடிஞ்சா அத்தைக்கும் படிச்சு காட்டுங்க. நஞ்சுக்கொடி இருக்குல்ல, அது மாசம் ஏற ஏற சில ஹார்மோன சுரக்கும், அதெல்லாம் தாயோட இன்சுலின சரியா வேலை செய்ய விடாது. புள்ளைக்கு சத்து போகணும்னு இயற்கையே பண்ணி வச்ச ஏற்பாடு அது. எல்லா கர்ப்பிணிக்கும் இது நடக்கும். சிலர் ஒடம்பு கூட கொஞ்சம் இன்சுலின் சுரந்து சமாளிச்சுரும், சிலர் ஒடம்பால முடியாது. இன்சுலினுக்கு வர்ற இந்த எதிர்ப்பு அஞ்சு ஆறு மாசத்துக்கு மேலதான் வேகம் எடுக்கும், அதனாலதான் மூணாவது மாசம் 112 வந்தாலும் 24லேர்ந்து 28 வாரத்துக்குள்ள திரும்ப எடுக்க சொல்றது. அம்மாவுக்கு சுகர்னா வாய்ப்பு கூடும். அண்ணன் நாலேகால் கிலோன்னு போகிற போக்குல சொல்லிட்டீங்க, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. உங்கம்மாவுக்கு அப்பவே இது இருந்துருக்கலாம், அந்த காலத்துல யாரு குளுக்கோஸ் குடுத்து பாத்தா, குண்டு புள்ளைன்னு திருஷ்டி சுத்தி போட்டுட்டு விட்டுருப்பாங்க.

இட்லி சாப்ட்டுட்டு போனது தப்பில்ல. நம்ம ஊருல பண்ற இந்த டெஸ்ட்டே சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடலன்னாலும் எடுக்கலாம்ங்கிற மாதிரி கொண்டு வந்ததுதான். ரெண்டு மணி நேரத்துல 140 இல்ல அதுக்கு மேல வந்தா சுகர்னு கணக்கு. இத நம்ம நாட்டுல பரப்புனதுல பெரிய பங்கு மெட்ராஸ் டாக்டர் வி.சேஷய்யாவுக்கு உண்டு, 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அவரு பொறந்த நாள் மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. யோசிச்சு பாருங்க, காட்டு வேலைக்கு போற பொண்ணு ரெண்டு பஸ் மாறி வருது, அத வெறும் வயித்துல வா, நாளைக்கு திரும்ப வான்னா வருமா? ஒரு தடவ வரும்போதே முடிச்சுரணும்னுதான் இந்த முறை. குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்திருந்தா மட்டும் அடுத்த நாள் திரும்ப எடுக்கணும்.

இன்சுலின் பத்தி. அது நஞ்சுக்கொடிய தாண்டி புள்ளைக்கு போகாது, சக்கரைதான் தாண்டி போகும். நீங்க 180ல இருந்தா புள்ளையும் அந்த சக்கரையிலதான் மெதக்கும், அத சமாளிக்க புள்ளையோட கணையம் அதிகமா இன்சுலின் சுரக்கும், அதனாலதான் புள்ள தோளும் வயிறுமா ஊதுது. பொறந்து தொப்புள்கொடிய வெட்டுனதும் அம்மாகிட்டேர்ந்து வர சக்கரை டக்குன்னு நின்னுரும், புள்ளையோட இன்சுலின் மட்டும் அதே வேகத்துல இருக்கும், அப்ப புள்ளைக்கு சுகர் எறங்கிரும். குதிகால்ல குத்தி குத்தி பாக்குறோமேன்னு ஆயாக்கள் எங்கள திட்டுறது இதுக்குத்தான். உங்களுக்கு போடுற இன்சுலின் பெரும்பாலும் பிரசவத்தோட நின்னுரும், நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் எதிர்ப்பும் போயிரும்ல.

பேரீச்சம்பழம் இப்போதைக்கு வீட்டுல மத்தவங்களுக்கு குடுங்க. நெய்ய எடுத்து வைங்க, அளவா சேத்துக்கலாம். அந்த பெட்டகத்துல இருக்க இரும்புச்சத்து டானிக்க மட்டும் விட்டுறாதீங்க.


சமைக்கிற_புருஷன்:

திருச்சிலேர்ந்து. பொம்பளைங்க பேசுற எடத்துல நுழையிறேன், தப்பா எடுத்துக்காதீங்க, போன வருஷம் எங்க வீட்டம்மாவுக்கு இதே கதை, சமையல் பூரா நாந்தான் பண்ணேன். வீட்டுலயே விரல்ல குத்தி சுகர் பாக்குற மீட்டர் வாங்குங்க, அதான் மொத வேலை. ஒரு ஸ்டிரிப் இருவது ரூபா பக்கம் ஆகும், வலிக்கத்தான் செய்யும், விரலுக்கும் பர்ஸுக்கும். ஆனா ஊர்ல ஆளாளுக்கு சொல்றத அது ஒண்ணுதான் வாய மூட வைக்கும்.

எங்க வீட்டு நோட்டுலேர்ந்து சொல்றேன். கேப்பை கூழ் ஒரு சொம்பு குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 171. அதே கேப்பை மாவுல முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு ரெண்டு அடை, தொட்டுக்க கடலைச் சட்னி, ஒரு அவிச்ச முட்டை, 118. சிறுதானியம்னா சுகருக்கு நல்லதுன்னு கண்ண மூடிட்டு சொல்றாங்க, கரைச்சு குடிச்சா எல்லாமே வேகமாத்தான் ஏறுது. இட்லி நாலு மட்டும்னா 160ஐ தாண்டும். ரெண்டு இட்லி, ஒரு கிண்ணம் நெறைய காய் போட்ட கெட்டி சாம்பார், கொஞ்சம் சுண்டல்னு வச்சா 125க்குள்ள நின்னுச்சு. காலை சாப்பாடுதான் ரொம்ப படுத்தும், அதே ரெண்டு இட்லிய ராத்திரி சாப்ட்டா கம்மியா காட்டும், ஏன்னு கேட்டதுக்கு டாக்டர், காலைல ஹார்மோன் ஆட்டம் அதிகம்னாரு.

சோத்த நிறுத்தல. ஒரு சின்ன கிண்ணம் வாங்கி அது ஒண்ணுதான் அளவுன்னு வச்சோம். தட்டுல பாதி பொரியல், கூட்டு, மொதல்ல அத சாப்ட்டுட்டு அப்புறம் சோத்துல கைய வைக்கணும். ஜூஸ் கெடையாது, பழமா கொய்யா ஒண்ணு, அதுவும் சாப்பாட்டோட இல்லாம தனியா பதினோரு மணிக்கு. படுக்கும்போது சக்கரை போடாத பால். மூணு பெரிய சாப்பாட்ட ஆறா ஒடைச்சதுதான் பெரிய வித்தியாசம் பண்ணுச்சு. அப்புறம் சாப்ட்டு முடிச்சு மாடில கால் மணி நேரம் நட. எனக்கும் நாலு கிலோ கொறஞ்சிருச்சு, யாரும் கண்டுக்கல, அது வேற விஷயம்.


கரூர்_மல்லி:

நைட்_டியூட்டி அக்கா, நீங்க எழுதினத அப்படியே அத்தைக்கு படிச்சு காட்டினேன். ஒண்ணும் பேசல. ஆனா சாயங்காலம் டீல எனக்கு மட்டும் சக்கரை போடாம குடுத்துட்டு, கூட ஒரு கைப்பிடி வறுத்த கடலைய கொண்டு வந்து வச்சாங்க. அண்ணா, அந்த அடைய நாளைக்கே செஞ்சு பாக்குறேன். வளைகாப்புதான் இன்னும் புரியல.


பவானி_ஆத்தங்கரை:

மல்லி கண்ணு, வளைகாப்பு அன்னைக்கு ஏழு சாதத்துலயும் ஒரு ஒரு ஸ்பூன் வாயில வைங்க, சடங்கு முடிஞ்சது, எந்த சாமியும் கோச்சுக்காது. நான் சொல்ல வந்தது அது இல்ல. எல்லாரும் பிரசவம் வரைக்கும்தான் சொல்லிருக்காங்க, அதுக்கப்புறம் நடக்குறத நான் சொல்றேன், ஏன்னா அங்கதான் நான் விழுந்தேன்.

எனக்கு மொத புள்ளைக்கு இதே மாதிரி ஏழாவது மாசம் சுகர்னாங்க, சாப்பாட்டுலயே கட்டுப்பட்டுருச்சு, இன்சுலின் இல்ல. பொண்ணு மூணு கிலோ, சுகப்பிரசவம். மறுநாள் சுகர் பாத்து நார்மல்னாங்க. அந்த ஒரு வார்த்தைதாங்க என்னைய ஏமாத்துனது. சுகர் போயிருச்சுன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லுச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல கடைசி வரில ஆறு வாரம் கழிச்சு திரும்ப குளுக்கோஸ் டெஸ்ட்னு எழுதியிருந்திருக்காங்க, கோழி கிறுக்குன மாதிரி இங்கிலீஷ்ல. யாரும் வாய தொறந்து சொல்லல, நானும் படிக்கல. ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு போனேன், போகாம இல்ல, ஆனா புள்ளைக்கு ஊசி போட போனேன். எல்லாரும் புள்ளைய எடை போட்டாங்க, புள்ளைய பாத்தாங்க, என்னைய ஒருத்தரும் ஏறிட்டு பாக்கல. நானும் அத ஒரு கொறையா நெனைக்கல, அதான் கொடுமை.

அதுக்கு நடுவுல அம்மா வீட்டு பத்தியம். எங்க பக்கம் பிரசவ மருந்துன்னு கிண்டுவாங்க, சுக்கு மெளகு திப்பிலி ஓமம் எல்லாம் இடிச்சு சலிச்சு கருப்பட்டி பாகுல போட்டு நல்லெண்ணெய் நெய் ஊத்தி உருட்டி, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, எலுமிச்சங்கா அளவு. பூண்ட வதக்கி போட்ட கொழம்பு, சோறு மட்டும் கோபுரமா. காய் கூடாது, பழம் கூடாது, தண்ணி கூடாது, புள்ளைக்கு சளி புடிச்சுருமாம். கருப்பட்டி சக்கரை இல்லையே, அது மருந்துல்லன்னு பாட்டி. ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது பாப்பா. பால் குடுக்குறவளுக்கு தண்ணி கூடாதுன்னா எப்படி, மலச்சிக்கல் வந்து மூலம் வந்து ரத்தமா போனது தனிக்கதை.

நாலு வருஷம் ஓடிப்போச்சு. ரெண்டாவது உண்டாச்சு. மொத செக்கப்லயே 236. மூணு மாச சுகரோட ஆவரேஜ காட்டுற ரத்த டெஸ்ட் (HbA1c) 8.1. டாக்டர் கேட்டாங்க, இது கர்ப்பத்துல வந்தது இல்ல, உண்டாகுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு சுகர் இருந்துருக்கு, நடுவுல ஒரு தடவ கூட பாக்கலையான்னு. என்ன பதில் சொல்லுவேன். புள்ளையோட இருதயம், முதுகெலும்பு எல்லாம் உருவாகுறது மொத ரெண்டு மாசத்துலயாம், அந்த நேரத்துல ரத்தத்துல சக்கரை கன்னாபின்னான்னு இருந்தா கொறைபாடு வர வாய்ப்பு கூடும்னு சொல்லி புள்ள இருதயத்த மட்டும் பாக்குற ஸ்கேனுக்கு எழுதுனாங்க. அந்த ஸ்கேன் ரூம்ல அவரு கருவிய வயித்துல வச்சு தள்ளி தள்ளி பாக்குறாரு, வாயே தொறக்க மாட்டேங்குறாரு, இருவது நிமிஷம். நான் செவுத்துல இருந்த காலண்டர்ல எத்தனை முகூர்த்த நாள் இருக்குன்னு எண்ணிட்டு கெடந்தேன். நல்லா இருக்குன்னு சொன்னாரு. பையன் இப்ப ஓடுறான் ஆடுறான். ஆனா எனக்கு மாத்திரை நிக்கல, 33 வயசுலேர்ந்து சுகர்காரி.

அதனால கண்ணு, கட்டுப்பாடு எல்லாம் எப்படியும் இருந்துருவ, வயித்துல புள்ள இருக்கும்போது நாம பயந்துட்டாவது இருந்துருவோம். நீ இப்பவே ஒண்ணு பண்ணு, பிரசவ தேதிலேர்ந்து ஆறு வாரத்த எண்ணி உன் வீட்டுக்காரர் போன்ல அலாரம் வை. உன் போன்ல வைக்காத, நீ அப்ப தூக்கமில்லாம இருப்ப, நிறுத்திட்டு படுத்துருவ.


நைட்_டியூட்டி:

பவானிக்கா எழுதினத பிரிண்ட் எடுத்து எங்க வார்டு வாசல்ல ஒட்டலாம்.

ஒண்ணு மட்டும் சேக்குறேன். அந்த ஆறு வாரத்து டெஸ்ட் கர்ப்பத்துல எடுத்த மாதிரி இல்ல, ராத்திரியிலேர்ந்து வெறும் வயித்துல போகணும், மொதல்ல ஒரு ரத்தம், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ், ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. சில லேப்ல மூணு மாச ஆவரேஜ் போதும்பாங்க, பிரசவத்துல ரத்தம் போயி புது ரத்தம் ஊறுற சமயத்துல அது சரியா காட்டாது, ஒத்துக்காதீங்க. நார்மல்னு வந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும், இது வந்தவங்களுக்கு பின்னாடி சுகர் வர வாய்ப்பு மத்தவங்கள விட பல மடங்கு. அடுத்த குழந்தைக்கு திட்டம் போடும்போது உண்டாகுறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. பால் குடுக்குறது புள்ளைக்கு மட்டுமில்ல, உங்களுக்கு பின்னாடி சுகர் வர்றதையும் கொறைக்கும்.


கரூர்_மல்லி (ரெண்டு வாரம் கழிச்சு):

நோட்டு போட்டு எழுதுறேன் இப்போ. மதியம், ராத்திரி எல்லாம் 110, 115ன்னு அடங்கிருச்சு. காலைலதான் என்ன பண்ணாலும் 138, 142ன்னே நிக்குது, சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல 120க்குள்ள இருக்கணுமாம். அதனால காலைல மட்டும் 4 யூனிட் இன்சுலின் ஆரம்பிச்சுட்டாங்க. அழுதேன், பொய் சொல்லல. ஆனா ஊசி மயிரிழை மாதிரிதான் இருக்கு, ஸ்டிரிப்புக்கு குத்துற வலி கூட இல்ல. மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்க பாட்டிலு, அதுக்கு செவப்பு மூடி போட்ட ஊசிதான் வாங்கணும்னு சிஸ்டர் ரெண்டு தடவ சொல்லி அனுப்பினாங்க. பிரிட்ஜ் கதவுல முட்டைக்கு பக்கத்துல வச்சிருக்கேன். கைப்பைல ஒரு பாக்கெட் குளுக்கோஸ், படபடன்னு வேர்த்து 70க்கு கீழ போனா மூணு ஸ்பூன் கலக்கி குடிக்க.

வளைகாப்பு நேத்து முடிஞ்சது. ஏழு ஸ்பூன்தான் சாப்ட்டேன் பவானிக்கா. சித்தி ஒருத்தங்க லட்ட வாய்ல திணிக்க வந்தாங்க, நான் சொல்றதுக்குள்ள எங்க அத்தை எட்டி அந்த லட்ட வாங்கி தான் வாய்ல போட்டுக்கிட்டாங்க. இத்தனைக்கும் அவங்களுக்கு பல்லு வலி.


சமைக்கிற_புருஷன்:

அத்தைக்கு ஒரு சல்யூட். ஊசி போடுற எடத்த தெனம் கொஞ்சம் தள்ளி தள்ளி மாத்துங்க, ஒரே எடத்துல போட்டா கட்டி தட்டும்.


கரூர்_மல்லி (நாலரை மாசம் கழிச்சு):

யாராச்சும் ஞாபகம் வச்சிருக்கீங்களா தெரியல. பொண்ணு பொறந்துருக்கா, 38 வாரம் முடிஞ்சு, 3 கிலோ 100. மொத நாள் குதிகால்ல குத்தி குத்தி பாத்தாங்க, ஒரு தடவ மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, உடனே பால் குடுக்க வச்சாங்க, அடுத்த தடவ சரியாயிருச்சு. எனக்கு இன்சுலின் அன்னையோட நிறுத்தியாச்சு.

அம்மா வீட்டுல லேகியத்துக்கு பெரிய சண்டை. அம்மா ஒரு தூக்குச்சட்டி நெறைய கிண்டி வச்சிருந்துச்சு, ஆசையா பண்ணது, கண்ணுல தண்ணியே வந்துருச்சு அதுக்கு. கடைசில சுண்டக்கா அளவு ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஒத்துக்கிட்டோம். தண்ணிய மட்டும் விட்டுக் குடுக்கல, ராத்திரி பால் குடுக்கும்போதெல்லாம் பக்கத்துல ஒரு சொம்பு. காயும் சாப்ட்டேன். புள்ளைக்கு சளியும் புடிக்கல.

ஆறாவது வாரம் அவரு போன் காலைல அஞ்சரைக்கு அடிச்சுது. ராத்திரி நாலு தடவ எந்திரிச்சு பால் குடுத்துட்டு வெறும் வயித்தோட போயி அந்த குளுக்கோஸ குடிக்கிறதுக்குள்ள கண்ண இருட்டிருச்சு, இந்த தடவ லேப்ல ஒரு மூடி எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தாங்க, பரவால்ல. ரெண்டு மணி நேரமும் பாப்பா மடிலயே கெடந்தா, அந்த பெஞ்சுலயே முந்தானைய போட்டு ரெண்டு தடவ பால் குடுத்தேன். பக்கத்துல ஒரு பெரியவர் சாப்பாட்டுக்கு முன்ன பின்ன டெஸ்ட்டுக்கு வந்தவரு, என்னம்மா இந்த வயசுலயான்னு கேட்டாரு.

வெறும் வயித்துல 91. ரெண்டு மணி நேரம் கழிச்சு 148. லேப்காரர் நார்மல்தாம்மா, 200 தாண்டினாதான் சுகர்னு சொல்லிட்டாரு. சந்தோஷமா வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா எதுக்கோ மனசு ஒப்பல, அதான் இங்க வந்தேன்.


நைட்_டியூட்டி:

ஞாபகம் இல்லாமயா. பொண்ணுக்கு என் முத்தம்.

உங்க மனசு சரியாத்தான் சொல்லுது. லேப்காரர் பாதிதான் சொல்லிருக்காரு. பிரசவத்துக்கு அப்புறம் கணக்கு வேற, ரெண்டு மணி நேரத்துல 140க்கு கீழ இருந்தாதான் நார்மல், 200னா சுகர், 140லேர்ந்து 199 வரைக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, அங்க நிக்கிறீங்க. இன்னும் சுகர் நோயாளி இல்ல, மாத்திரையும் இப்ப தேவைப்படாம போகலாம், ஆனா சும்மா விடுற நம்பரும் இல்ல. அந்த பேப்பர எடுத்துட்டு உங்க டாக்டர நேர்ல பாருங்க, லேப் வாசல்லயே முடிச்சுக்காதீங்க. நடைய விடாதீங்க, கர்ப்பத்துல ஏறின எடைய மெதுவா எறக்குங்க, பால் குடுங்க. அப்புறம் அடுத்த குழந்தைக்கு கொஞ்சம் இடைவெளி விடுறதுக்கு என்ன பண்ண போறீங்கன்னும் இந்த விசிட்லயே பேசிருங்க, பால் குடுக்குறேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி, திரும்ப உண்டாகி வர்றவங்கள வாரா வாரம் பாக்குறேன்.


பவானி_ஆத்தங்கரை:

148ங்கிறது எனக்கு யாரும் சொல்லாம போன நம்பர் கண்ணு. எனக்கும் அன்னைக்கு எடுத்திருந்தா இப்படி ஏதாச்சும்தான் வந்துருக்கும். அடுத்த வருஷம் பொண்ணு பொறந்தநாளுக்கு கேக் வெட்டுறதுக்கு மொத நாள் டெஸ்ட்டுக்கு போயிரு, மறக்காது. உங்கம்மாவையும் கையோட கூட்டிட்டு போ, லேசா சுகர்னு அன்னைக்கு எழுதியிருந்தியே, லேசான சுகர்னு ஒண்ணு கெடையாது.


கரூர்_மல்லி:

சரிக்கா. வெள்ளிக்கிழமை டாக்டர பாக்க டோக்கன் போட்டாச்சு, அம்மாவும் வருது. ஒரே ஒரு சந்தேகம், தூக்குச்சட்டில லேகியம் இன்னும் முக்கால்வாசி இருக்கு, அம்மா வேற கொட்ட விட மாட்டேங்குது, என்ன பண்றது?


சமைக்கிற_புருஷன்:

திருச்சிக்கு பார்சல் பண்ணுங்க. எனக்கு சுகர் இல்ல, போன வாரம்தான் பாத்தேன்.